கார்த்திகை தீபத்தில் இருந்து பொங்கல் வரை வீட்டுல தீ பிடிக்காம பார்த்துக்கிறது எப்படி? (கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்)

தளி_ரோடு:
ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளிர் இறங்கிடுச்சு. கார்த்திகை தீபம், ஐயப்ப பூஜை, கிறிஸ்துமஸ், போகி, பொங்கல்னு வரிசையா வருது. இந்த ரெண்டு மாசமும் வீட்டுக்குள்ள நெருப்பும் கரண்டும் ஓயாது. ஒவ்வொருத்தரும் தெரிஞ்ச துறையைப் பத்தி விவரமா எழுதினா எல்லாருக்கும் உதவும்.

முதல் கேள்வி என்னோடது. 2000 வாட்டு ரூம் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டா அரை மணி நேரத்துல பிளக்கைத் தொட முடியல, சூடு. ஆனா எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்சு) விழல. எம்சிபி விழலைன்னா லோடு சரியாத்தான் இருக்குன்னு எடுத்துக்கலாமா?

வயர்மேன்_காவேரிப்பட்டணம்:
எடுத்துக்கக் கூடாதுங்க. இன்னைக்கே அந்த பாக்ஸ்ல இருந்து ஹீட்டரைக் கழட்டிடுங்க.

2000 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா 8.7 ஆம்பியர். கடையில கிடைக்கிற சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியருக்குச் செஞ்சது. உள்ள இருக்கிற பித்தளைத் தகடு மெலிசு, வயரும் மெலிசு. பெரிய பிளக்கைச் சின்னதுல சொருக ஒரு கன்வர்ட்டர் பின்னையும் போட்டிருப்பீங்க. அப்போ கரண்டு தாண்டிப் போற இணைப்பு இன்னும் ஒண்ணு கூடிடுது.

எம்சிபி ஏன் விழலைன்னா, அதுக்குத் தெரியுறது கரண்டோட அளவு மட்டும்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 8.7 ஒண்ணுமே இல்ல. ஆனா பிளக் பின் லூசா உக்காந்திருக்கிற இடத்துல 0.2 ஓம் தடை இருக்குன்னு வெச்சுக்கங்க. 8.7 × 8.7 × 0.2 போட்டா 15 வாட்டு வருது. கடுகளவு இடத்துல 15 வாட்டு சூடு, மணிக்கணக்கா. பித்தளை கருக்கும், கருத்தா தடை கூடும், தடை கூடினா சூடு இன்னும் கூடும். கடைசியில பிளாஸ்டிக் இளகும். அது வரைக்கும் எம்சிபி அசையாது. நாம தூங்கிட்டு இருப்போம்.

சரியான வழி ஒண்ணுதான். சுவத்துல தனி 16 ஆம்பியர் சாக்கெட், போர்டுல இருந்து தனியா 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி, எர்த் வயர் கட்டாயம். ஹீட்டர் பிளக் நேரா சுவத்துக்குப் போகணும், நடுவுல எதுவும் வேண்டாம்.

சாக்கெட் கெட்டுப் போறதை முன்னாடியே கண்டுபிடிக்கலாம். ஓட்டை ஓரத்துல பழுப்புக் கறை இருக்கும், பிளக்கை உருவினா தானா வழுக்கிட்டு வரும், மீன் வாடை மாதிரி ஒண்ணு வரும். அந்த வாடை சுவிட்சு போர்டோட பிளாஸ்டிக் வேகுற வாடை. சமையலறையில மீன் இல்லாம அந்த வாடை வந்தா மெயினை இறக்கிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

பாலக்கோடு_குடித்தனம்:
எங்க வீட்டுல தலைகீழா இருக்குங்க அண்ணா. காலையில வாட்டர் ஹீட்டர், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே லைன்ல ஓடும்போது 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துடுது. 32 மாத்திட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார்.

வயர்மேன்_காவேரிப்பட்டணம்:
தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. எம்சிபி காப்பாத்துறது ஹீட்டரை இல்ல, சுவத்துக்குள்ள ஓடுற வயரை. குழாய்க்குள்ள போற 2.5 வயர் ஏறக்குறைய 20 ஆம்பியர் வரைக்கும் தாங்கும். 32 போட்டுட்டா, வயர் மேல இருக்கிற பிவிசி வெந்து உருகுற கரண்டு போனாலும் எம்சிபி கம்முனு நிக்கும். பழைய வீடுகள்ல லைட்டு லைன் 1 சதுர மில்லிமீட்டர்லதான் இருக்கும், அங்க இன்னும் மோசம்.

எம்சிபி விழுதுன்னா லோடைப் பிரிங்க. ஹீட்டருக்குத் தனி லைன் இழுக்க ஒரு நாள் வேலைதான். அது வரைக்கும் ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு ஓடக் கூடாது.

ஹீட்டர் ராடு வெச்சுத் தண்ணி காய வைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 15 லிட்டர் தண்ணி 18 டிகிரியில இருந்து 45க்கு வர 1500 வாட்டு ராடுக்கு 20 நிமிஷம் போதும். போன்ல 20 நிமிஷ அலாரம் வெச்சுட்டு சுவிட்சு போடுங்க. ராடுல கோடு போட்டிருக்கும், தண்ணி அதுக்குக் கீழ இறங்கக் கூடாது. மறந்துட்டா தண்ணி வத்தி, வெளிய தெரியுற கம்பி சிவந்து பிளாஸ்டிக் பக்கெட்டை உருக்கும். பக்கெட் வாயில குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டு அதுல மாட்டுங்க. சுவிட்சை நிறுத்தி, பிளக்கை உருவின அப்புறம்தான் தண்ணியில கை.

காரிமங்கலம்_அகல்:
அகல் விளக்கைப் பத்தி நான் எழுதுறேன். கார்த்திகைக்கு வாங்குற புது அகலை முதல் நாள் ராத்திரியே தண்ணியில ஊறப் போட்டு, காலையில எடுத்து நிழல்ல காய வைக்கணும். எண்ணெய் குடிக்காதுங்கிறதுக்காக மட்டும் இல்ல. ஊறாத மண் அகல் எண்ணெயைக் கசிய விடும். அடியில மரப்பலகையோ பிளாஸ்டிக் தட்டோ இருந்தா அது எண்ணெயில ஊறி, அதுவே ஒரு பெரிய திரியாயிடும். சுடர் கொஞ்சம் சாய்ஞ்சாலே போதும், பலகை பத்திக்கும்.

தாம்பாளத்துல ஒரு விரல் கனம் ஆத்து மணல் பரப்பி, அது மேல அகலை வைங்க. கசிஞ்சாலும் மணல் குடிச்சுக்கும், காத்துல உருண்டும் விழாது. திரி நுனி அரை சென்டிமீட்டர் வெளிய தெரிஞ்சா போதும். நீட்டி விட்டா சுடர் குதிக்கும், கரி பிடிச்ச நுனி உடைஞ்சு விழும்.

வாசல்ல வைக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். போர்டிகோவுல பைக் நிக்கும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தரையா ஊர்ந்து வரும். அகலும் தரையிலதான் இருக்கு. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிட்டு விளக்கேத்துங்க. பொறி பறக்க மாவலி சுத்துற பசங்களும் வைக்கோல் போர் பக்கம் போகக் கூடாது.

அப்புறம் எலி. இதை யாரும் நினைக்கிறதே இல்ல. எண்ணெய்த் திரின்னா எலிக்குத் தீனி. ராத்திரி பூஜை அலமாரியில விளக்கு எரிய விட்டுப் படுத்தா, கனியுற திரியை நூலோட கவ்விட்டு அட்டைப் பெட்டிக்குள்ளயோ பரண் மேல பழைய துணிக்குள்ளயோ இழுத்துட்டுப் போயிடும். தீ எங்க ஆரம்பிச்சதுன்னே தெரியாது. அதனால படுக்கும் முன்னாடி விளக்கை மலை ஏத்திட்டுத்தான் படுக்கணும். அணையா விளக்கு வேண்டுதல் இருந்தா கண்ணாடிக் கூண்டுக்குள்ள வைங்க. மேல் பலகைக்கும் சுடருக்கும் ரெண்டடி இடைவெளி விடுங்க.

தளி_ரோடு:
மாலை போட்டவங்க வீட்டுல பஜனை நடக்கும்போது கற்பூரம் கிலோ கணக்குல கொளுத்துறாங்களே, அதுக்கு?

காரிமங்கலம்_அகல்:
கற்பூரம் எரியுறது கட்டி இல்ல, அதுல இருந்து வர ஆவி. எரியுற தட்டுல மேல மேல அள்ளிப் போட்டா சுடர் சட்டுனு ஆள் உயரத்துக்கு எழும். பந்தல் துணியும் தோரணமும் அப்பத்தான் பிடிக்கும். மணல் பரப்பின இரும்புச் சட்டியில கொஞ்சமா வெச்சு, அணைஞ்சு ஆறின அப்புறம் அடுத்தது. மூடி திறந்த கற்பூர டப்பா பக்கத்துல இருக்கக் கூடாது.

எலத்தகிரி_குடில்:
கிறிஸ்துமஸ் குடில் கட்டுறவங்களுக்கு. வைக்கோல், மலைத்தாள், தெர்மாகோல், பனிக்கு வைக்கிற பஞ்சு, சவுக்குக் கிளை. இந்த அஞ்சும் ஒண்ணா இருக்கிற இடம் வீட்டுலயே குடில் ஒண்ணுதான். டிசம்பர் 24 ராத்திரி பச்சையா இருந்த சவுக்கு, ஜனவரி 6 மூவிராசர் திருநாள் வரைக்கும் உள்ளயே காய்ஞ்சு ஊசி ஊசியா உதிரும். பண்டிகை முடியுற நேரத்துலதான் குடில் ரொம்ப ஆபத்தா இருக்கு. சவுக்கைப் புத்தாண்டு அன்னைக்கே புதுசா மாத்திடுங்க.

வைக்கோலையும் தாளையும் தீ சீக்கிரம் பிடிக்காத மாதிரி பண்ணலாம். 2 லிட்டர் வெந்நீர்ல வெண்காரம் 200 கிராம், போரிக் அமிலம் 85 கிராம் போட்டு முழுசாக் கரையுற வரைக்கும் கிளறணும். வைக்கோலைக் கத்தை கத்தையா அதுல முக்கி, வடிய விட்டு, நிழல்ல ரெண்டு நாள் காய வைக்கணும். மலைத்தாளுக்கு ஸ்பிரேயர்ல ரெண்டு தடவை அடிச்சாப் போதும். இது தீயே பிடிக்காம ஆக்காது. சுடர் பட்டா கருகும், சுடரை எடுத்தா அணைஞ்சுடும், பரவாது. குடிலுக்குள்ள வைக்கும் முன்னாடி ஒரு தாளை வெளிய எடுத்துட்டுப் போய்க் கொளுத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியும். தண்ணி பட்டா மருந்து கரைஞ்சு போயிடும், அதனால திறந்த வெளிக் குடிலுக்கு உதவாது. முக்கியமா, அந்த வைக்கோலை அப்புறம் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாதீங்க. குழந்தைங்க வாயிலயும் படக் கூடாது.

தெர்மாகோலுக்கு இந்த மருந்து ஏறாது. அது உருகிச் சொட்டுச் சொட்டா எரிஞ்சுகிட்டே விழும். அதை விட்டுட்டு ஈரச் சாக்குல களிமண் பூசி மலை செய்ங்க, பார்க்கவும் நல்லா இருக்கும்.

பாலக்கோடு_குடித்தனம்:
குடிலுக்குள்ள மெழுகுவத்தி ஏத்துறது வழக்கமாச்சே அக்கா?

எலத்தகிரி_குடில்:
ஜெபம் சொல்ற நேரம் ஏத்துங்க, குடிலுக்கு வெளிய, ரெண்டடி முன்னாடி. கண்ணாடி டம்ளர்ல கால் பங்கு மணல் போட்டு, அதுல நட்டு வைங்க. ஜெபம் முடிஞ்சதும் அணைச்சுடுங்க. உள்ள வெளிச்சம் வேணும்னா பேட்டரியில எரியுற எல்இடி.

ஸ்டாருக்குள்ள பழைய 60 வாட்டு குண்டு பல்பு போடவே கூடாது. அதோட கண்ணாடி தண்ணி கொதிக்கிற சூட்டைத் தாண்டும். காத்துல ஸ்டார் ஆடி தாள் பல்புல ஒட்டிகிட்டா முதல்ல மஞ்சளாகும், அப்புறம் பழுப்பு, அப்புறம் தீ. 5 வாட்டு எல்இடி போதும். ஹோல்டரைக் கயிறுல தனியா கட்டுங்க, ஸ்டாரோட எடை வயர்ல தொங்கக் கூடாது.

வயர்மேன்_காவேரிப்பட்டணம்:
சீரியல் செட்டையும் சேர்த்துச் சொல்லிடறேன். பழைய குட்டி பல்பு செட்டுல 40 பல்பு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் 5.75 வோல்ட் போகும். பியூஸ் ஆன ஆறு பல்பைக் கழட்டிட்டு வயரை முறுக்கி விட்டா மிச்சம் 34க்கு 6.76 வோல்ட். சூடு கால் பங்குக்கு மேல கூடிடும், அடுத்தடுத்து பியூஸ் ஆகும், அதையும் முறுக்குவாங்க. அந்த மாதிரி முறுக்கின செட்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

எல்இடி செட்டுல லோடு பெருசா இல்ல, 5ல இருந்து 10 வாட்டு. அங்க பிரச்சினை வேற. மெலிசு வயர், ரெண்டு கிளிப்புக்கு நடுவுல நசுங்கின இன்சுலேஷன், பனியில நனைஞ்ச ஜாயின்ட். ஜாயின்ட்டை செல்லோடேப் ஒட்டி விடாதீங்க. அது இன்சுலேஷன் டேப் இல்ல, எரியும். வாசல் கிரில் கம்பியில வயரை நேரா சுத்தாதீங்க, ஒரு இடத்துல உரசிட்டா கிரில் முழுக்க கரண்டு. படுக்கும்போது பிளக்கை உருவிடுங்க.

முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தா எல்லாத்துக்கும் போதும்னு நினைக்கிறாங்க. கரண்டு எர்த்துக்குக் கசிஞ்சா அது பிடிக்கும், உயிரைக் காப்பாத்தும், கட்டாயம் வேணும். ஆனா முதல்ல சொன்ன லூஸ் காண்டாக்ட் சூட்டை அதுவும் பிடிக்காது. அதைக் கண்டுபிடிக்க உங்க கையும் மூக்கும்தான். ஹீட்டர் ஓடி அரை மணி நேரம் கழிச்சு, நிறுத்தி, பிளக்கை உருவி, அதோட பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்புக்கு மேல இருந்தா மாத்தணும்.

அரூர்_அடுப்படி:
பலகாரம் சுடுற வீடுகளுக்கு. வாணலியில பாதிக்கு மேல எண்ணெய் ஊத்தாதீங்க, அதிரசமும் முறுக்கும் போட்டதும் பொங்கி வழியும். எண்ணெய் புகைய ஆரம்பிச்சா உடனே அடுப்பை நிறுத்தணும், புகைக்கு அடுத்தது தீதான். தீ பிடிச்சுட்டா அடுப்பை நிறுத்தி, பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டுல இருந்து தள்ளி மூடி, ஆறுற வரைக்கும் திறக்கக் கூடாது. வாணலியைத் தூக்கிட்டு வெளிய ஓடக் கூடாது. தண்ணி ஊத்தவே கூடாது. தண்ணி எண்ணெய்க்கு அடியில போய் ஆவியாகும்போது ஏறக்குறைய 1700 மடங்கு பெருகும், எரியுற எண்ணெய் கூரை வரைக்கும் தெறிக்கும்.

கேஸ் டியூப்ல தேதி அச்சடிச்சிருக்கும், பாருங்க. ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூபுக்கு ஆயுசு 5 வருஷம். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல வேண்டாம், அடுப்புக்குப் பின்னால போகக் கூடாது. சோப்புத் தண்ணியை ரெகுலேட்டர்லயும் ரெண்டு முனையிலயும் தடவினா கசிவு இருக்கிற இடத்துல குமிழி வரும். தீக்குச்சி வெச்சுப் பார்க்காதீங்க. கேஸ் வாடை வந்தா எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளிய வந்து 1906க்குக் கூப்பிடுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க. கேஸ் தரையிலதான் தங்கும், கதவுதான் முக்கியம். விறகடுப்பும் கேஸும் ஒரே அறையில வெச்சிருக்கிற வீடுகள்ல சிலிண்டரை முதல்ல வேற பக்கம் மாத்துங்க.

மல்பெரி_மத்தூர்:
பட்டுப்புழு வளர்க்கிறவங்களும் இதைப் படிக்கணும். நம்ம பக்கம் புழு வளர்க்கிற மனை வீட்டை ஒட்டியே இருக்கு, தீ ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும். குளிர் காலத்துல இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வேணும்னு கரி அடுப்பை மனைக்குள்ள வைக்கிறாங்க. பக்கத்துலயே பாரஃபின் தாள், காய்ஞ்ச மல்பெரிக் குச்சி, புழு கூடு கட்டுற மூங்கில் சந்திரிகை. கரி அடுப்பை விடுங்க. எண்ணெய் நிரப்பின ரேடியேட்டர் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் வைங்க, தாங்கு பலகையில இருந்து மூணு அடி தள்ளி. கரிப்புகை புழுவுக்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் டீசல் கேனையும் ஒரே மூலையில அடுக்காதீங்க.

தீயணைப்பு_ஓய்வு:
கரி அடுப்பு என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் குளிருக்குச் சட்டியில் கனலை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். தீ பிடிக்காவிட்டாலும் அது கொல்லும். நீறு பூத்த கனலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். தூக்கத்தில் அது தெரியவே தெரியாது. கனல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே கம்பளி போதும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான். அதை வெளிச் சுவருக்கு மாற்றுங்கள்.

அடுத்தது வெளியேறும் வழி. நம் வீடுகளில் ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்கு கிரில் கேட், அதில் பூட்டு, சாவி பீரோவில். புகை நிறைந்த இருட்டில் பீரோ சாவியைத் தேட முடியாது. கிரில் கேட்டின் உள்பக்கம், வெளியே இருந்து கைக்கு எட்டாத ஆனால் உள்ளே இருந்து குழந்தைக்கும் எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்து, ராத்திரி சாவியை அங்கேயே மாட்டுங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆணியைத் தொட்டுப் பழக வேண்டும். புகை இருந்தால் தவழ்ந்து போங்கள், நல்ல காற்று தரையோடுதான் இருக்கும். வெளியே வரும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீ பரவுவது தாமதமாகும்.

அணைப்பானில் ஏபிசி பவுடர் 2 கிலோ வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரையுடன். அளவு காட்டும் முள் பச்சையில் இருக்க வேண்டும். பின்னை உருவி, தீயின் அடியைக் குறிவைத்து, அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். மொத்தமும் பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும், அதனால் வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். சமையலறைக்குள் மாட்டாதீர்கள், வெளியே வாசல் ஓரம் மாட்டுங்கள். தீ உங்கள் இடுப்பளவுக்கு மேல் போய்விட்டால் அணைக்க நிற்காமல் வெளியே வந்து 101 அல்லது 112. மலைக் கிராமமாக இருந்தால் எந்த ரோட்டில் திரும்ப வேண்டும், பெரிய வண்டி எது வரை வரும் என்று சொல்ல ஓர் ஆளை ரோட்டுக்கு அனுப்புங்கள்.

பென்னாகரம்_கூரை:
கீற்று, கரும்புத் தோகைக் கூரை உள்ளவங்களுக்கு ரெண்டு விஷயம். கூரைக்குள்ள வயரைச் சொருகி விடாதீங்க, பிவிசி குழாய்க்குள்ள போட்டு சுவத்தோட கொண்டு வாங்க. விறகடுப்புக்கு நேர் மேல கூரையில இருந்து ஓரடி இறக்கி ஒரு தகரத்தைக் கட்டித் தொங்க விடுங்க, பொறி அதுல மோதி விழுந்துடும்.

போகி அன்னைக்கு விடியக்காலை காத்து எந்தப் பக்கம்னு சாம்பலைத் தூவிப் பார்த்துட்டு நெருப்பு வைங்க. ராகி அறுப்பு முடிஞ்சு புல் போர் போட்டிருக்கிற நேரம் அது. போருக்கும் கூரைக்கும் அம்பது அடியாவது தள்ளி இருக்கணும். டயர், பிளாஸ்டிக் வேண்டாம். ரெண்டு குடம் தண்ணி முன்னாடியே பக்கத்துல. முடிஞ்சதும் தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, மறுபடி ஊத்துங்க. மேல ஈரமா இருக்கும், அடியில சாயங்காலம் வரைக்கும் கனல் இருக்கும். அந்தச் சாம்பலை எருக்குழியில கொட்டிடாதீங்க, காய்ஞ்ச சாணி புகைஞ்சு ராத்திரி எரியும்.

தளி_ரோடு:
எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி எங்க சார்ஜ் போடுறது? இப்போ மாடிப்படிக்கு அடியில போடுறோம்.

வயர்மேன்_காவேரிப்பட்டணம்:
மாடிப்படி வேண்டவே வேண்டாம். அங்க தீ பிடிச்சா மாடியில படுத்திருக்கிறவங்க இறங்க வழி இல்ல. வெளிய, மழை படாத சுவர் ஓரம், ஹீட்டருக்குச் சொன்ன மாதிரியே தனி லைன். ஓட்டிட்டு வந்ததும் அரை மணி நேரம் பேட்டரி ஆறட்டும். வண்டியோட கொடுத்த சார்ஜர்தான், அது மேல சாக்கோ கவரோ போட்டு மூடக் கூடாது. முழிச்சிருக்கும்போதே சார்ஜ் முடியுற மாதிரி சாயங்காலமே போடுங்க.

அரூர்_அடுப்படி:
சுட்டுக்கிட்டா என்ன செய்யணும்னு யாரும் எழுதலையே. துணியில பிடிச்சா ஓடக் கூடாது, உடனே படுத்து உருளணும், பக்கத்துல இருக்கிறவங்க கம்பளியால போத்தி அமுக்கணும். நைலான் போர்வை ஆகாது, உருகி ஒட்டும். காயத்து மேல ஓடுற குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் விடுங்க. ஐஸ், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீங்க. வீங்கும் முன்னாடி வளையல், மோதிரத்தைக் கழட்டுங்க. ஒட்டிட்ட துணியைப் பிய்க்காதீங்க. சுத்தமான பருத்தித் துணியால மூடி 108.

தளி_ரோடு:
நன்றிங்க எல்லாருக்கும். ஹீட்டரைக் கழட்டியாச்சு. வயர்மேன் அண்ணா, தனி லைன் இழுக்க வர ஆளுகிட்ட எதைப் பார்த்து வாங்கச் சொல்லணும்?

வயர்மேன்_காவேரிப்பட்டணம்:
2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஐஎஸ்ஐ முத்திரையும் எப்ஆர் எழுத்தும் வயர் மேலயே அச்சாகி இருக்கணும். எப்ஆர்னா மேல இருக்கிற பிவிசி தீயை ஓட விடாத ரகம். பேஸ், நியூட்ரல் ரெண்டுக்கும் இதே கனம், பச்சை எர்த்தும் சேர்த்து மூணு வயர். நடுவுல ஜாயின்ட் போட விடாதீங்க, போர்டுல இருந்து சாக்கெட் வரைக்கும் ஒரே துண்டு. சாக்கெட்டை மூடும் முன்னாடி மூணு வயரையும் ஒவ்வொண்ணா இழுத்துக் காட்டச் சொல்லுங்க. அசையாம இருந்தா ஸ்க்ரூ பிடிச்சிருக்கு. அப்புறம் மூடட்டும்.